தெருவுக்குப் பெயர் வைத்தவர் யார்? வாசகர் கேள்வி – பதில்

குடியிருப்புத் தெருக்களின் பெயர்க்காரணம் குறித்து வந்த கேள்விகளுள் ஒன்றோடொன்று தொடர்புடையவை இம்முறை தொகுக்கப்பட்டுள்ளன. பலர் ஒரே ஐயத்தை எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எல்லாத் தெருக்களுக்கும் மரங்களின் பெயர்களே வைக்கப்பட்டுள்ளன. அந்த மரங்களுள் ஒன்றுகூட இங்கே இல்லை. இருந்ததாக முதியவர்களும் சொல்லவில்லை. அப்படியானால் இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பதில்: பழைய ஊர்களில் தெரு முதலில் உண்டாயிற்று, பெயர் பின்னால் வந்தது. அங்கே என்ன விற்றார்கள், யார் குடியிருந்தார்கள், அந்த வழி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லி மக்கள் ஓர் இடத்தை அடையாளம் காட்டினார்கள். அந்த அடையாளமே நாளடைவில் பெயராக நிலைத்தது. மனைப்பிரிவாகப் போடப்பட்ட குடியிருப்புகளிலோ இந்த வரிசை தலைகீழாக அமைகிறது. வெற்று நிலத்தைப் பங்கிட்டு வரைபடம் போடும்போதே, ஒரு வீடும் எழும்பாத நிலையில், பத்து இருபது தெருக்களுக்கு ஒரே நாளில் ஒருவர் பெயரெழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் பெயருக்கு ஆதாரமாக அந்த இடத்தில் எதுவுமே இல்லை என்பதால், மரங்கள், மலர்கள், பறவைகள், ஆறுகள், கவிஞர்கள் என்று ஏதேனும் ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு வரிசையாக எழுதிவிடுகிறார்கள். ஆகவே தாங்கள் தேட வேண்டியது மரத்தை அன்று. வரைபடத்தையும் அதை வரைந்தவரையும்தான்.

இவ்வகைப் பெயரிடலுக்கு மிகப் புகழ்பெற்ற பழைய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். வில்லியம் பென் 1682-இல் அந்நகரத்தை நிறுவியபோது, நில அளவையாளர் தாமஸ் ஹோம் கட்டங்கட்டமாக ஒரு திட்டம் வரைந்தார். தொடக்கத்தில் சில தெருக்களுக்கு அங்கே குடியேறிய முக்கியமானவர்களின் பெயர்கள் வழங்கின. பென்னின் மருத்துவராக இருந்த தாமஸ் வின் என்பவரின் பெயரால் ஒரு தெரு இருந்தது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த பென்னுக்கு, மனிதர்களைத் தெருப்பலகையில் ஏற்றிப் புகழ்வது உவப்பாக இல்லை. எனவே ஒரு திசையில் ஓடும் தெருக்களுக்கு எண்களையும், அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களுக்கு அந்நாட்டில் தானாக விளையும் மரஞ்செடிகளின் பெயர்களையும் கொடுத்தார். வின் தெரு செஸ்ட்நட் தெருவாயிற்று. வால்நட், ஸ்ப்ரூஸ், பைன் என்று மற்றவை தொடர்ந்தன. பிற அமெரிக்க ஊர்கள் பல இம்முறையைப் பின்பற்றின. நாடெங்கும் ஓக், பைன், மேப்பிள், சீடர் எனும் தெருப்பெயர்கள் இத்தனை மிகுதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நகரத்திலேயே இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. மல்பெரி தெரு ஆற்றுத்துறையை நோக்கி இறங்கும் இடத்தில், அதன் மேலாக இன்னொரு தெருவைக் கொண்டுசெல்ல வளைவுப் பாலம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. மக்கள் அதை 'வளைவுத் தெரு' என்னும் பொருளில் ஆர்ச் தெரு என்றே அழைத்தார்கள். பாலம் போய், மல்பெரியும் போய், ஆர்ச் தெரு என்பதே இறுதியில் அதிகாரபூர்வமான பெயராகிவிட்டது. சாசஃப்ராஸ் தெரு குதிரைப் பந்தயத்துக்குப் போகும் வழியாக இருந்தமையால் ரேஸ் தெருவானது. மேசையில் அமர்ந்து வைத்த பெயரை மக்களின் வாய்ச்சொல் வென்ற இடங்கள் இவை. மரங்களின் பெயரை வைத்துப் போவது கற்பனை வறட்சி என்று சிலர் கடிந்து எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரப்பெயர் எவரையும் புண்படுத்துவதில்லை, ஆட்சி மாறினாலும் மாற்றத் தேவையில்லை. ஒரு பெயரைக் கேட்டவுடனே அது எந்தப் பகுதியில் இருக்கும் என்று அஞ்சல்காரருக்கும் தெரிந்துவிடுகிறது.

திட்டமிட்ட பெயர்களுக்குள்ளும் அரசியல் புகுவதுண்டு. எடின்பரோ நகரின் புதிய பகுதிக்கு ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டம் 1767-இல் ஏற்கப்பட்டது. இங்கிலாந்தைக் குறிக்கும் ரோஜாவின் பெயரில் ஒரு தெருவும், ஸ்காட்லாந்தைக் குறிக்கும் முட்செடியின் பெயரில் இன்னொரு தெருவும் அதில் இணையாக அமைந்தன. இரு நாடுகளின் இணைப்பையே தெருக்களாக வரைந்துவிட்டார் எனலாம். எல்லையில் அமைந்த பெரிய வீதிக்கு செயின்ட் ஜைல்ஸ் என்று பெயரிட எண்ணியிருந்தனர். அந்தப் புனிதர் தொழுநோயாளரின் காவலர் என்பதாலும், அதே பெயரில் லண்டனில் ஓர் இழிவான சேரி இருந்தமையாலும் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதை மறுத்துவிட்டார். மன்னரின் புதல்வர்களைக் கருதி 'இளவரசர்கள் வீதி' என்று மாற்றப்பட்ட அதுவே இன்று அந்நகரின் முதன்மையான வீதி.

கேள்வி: எங்கள் பகுதியில் இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு, நான்காம் தெரு ஆகியவை உள்ளன, முதல் தெரு மட்டும் இல்லை. எண்ணத் தெரியாதவர்கள் பெயரிட்டார்களா?

பதில்: எண்ணத் தெரிந்தவர்களே பெயரிட்டிருக்கிறார்கள். வரிசையில் முதலாவதாக அமையும் தெரு பெரும்பாலும் ஊரின் முதன்மைத் தெருவாகவோ நீர்முகத் தெருவாகவோ இருந்து, அதற்குரிய தனிப்பெயரைப் பெற்றுவிடுகிறது; எண்ணிக்கை அதற்கடுத்த தெருவிலிருந்து புலப்படத் தொடங்குகிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1993-இல் வெளியிட்ட பட்டியலில், நாட்டிலேயே மிகுதியாகக் காணப்பட்ட தெருப்பெயர் 'இரண்டாம்' என்பதுதான்: 10,866 இடங்கள். 'மூன்றாம்' 10,131 இடங்களிலும், 'முதலாம்' 9,898 இடங்களிலும் இருந்தன. விடுபட்ட முதல் தெருக்களில் பல, அதே பட்டியலில் 7,644 இடங்களைப் பெற்ற 'மெயின்' எனும் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. தங்கள் பகுதியிலும் இரண்டாம் தெருவுக்கு முன்னால் உள்ள பெரிய தெருவின் பெயரைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருப்பெயரை எழுத்துப்படி படித்தால் ஒரு காட்டு விலங்கின் பெயர் வருகிறது. அவ்விலங்கு இப்பக்கம் ஒருபோதும் வாழ்ந்ததில்லை. இதற்கு என்ன விளக்கம் இருக்க முடியும்?

பதில்: பாரிஸ் நகரில் 'கரடிகள் தெரு' என்று பொருள்படும் ரூ ஓஸ் ஊர்ஸ் என்றொரு தெரு உள்ளது. கரடி வித்தை காட்டினார்கள், கரடி அடைத்து வைத்திருந்தார்கள் என்று எவரும் எளிதில் கதை கட்டிவிடலாம். உண்மையில் அது வாத்துகளின் தெரு. இடைக்காலத்தில் அங்கே வாத்தை நெருப்பில் வாட்டி விற்பவர்களின் கடைகள் நிறைந்திருந்தன. பழைய பிரெஞ்சு மொழியில் அந்தப் பறவைக்கு வழங்கிய 'ஊ' என்ற சொல் காலப்போக்கில் வழக்கொழிந்தது. பொருள் தெரியாத சொல் காதில் விழும்போது, அதற்கு மிக நெருக்கமான ஒலியுடைய தெரிந்த சொல்லாக மக்கள் அதை மாற்றிக்கொள்வது எல்லா மொழிகளிலும் நடப்பது. வாத்து அப்படித்தான் கரடியானது.

அதே நகரத்தில், 'இங்கே இதயம் உறங்குகிறது' என்று பொருள் கொள்ளத்தக்க ஷீ லெ கேர் என்ற சிறு தெருவும் உள்ளது. அதற்கு ஏற்றாற்போல் அரசன் ஒருவனின் காதலைப் பற்றிய கதையும் வழங்குகிறது. ஆனால் பழைய ஆவணங்களில் அத்தெருவுக்கு ஒரு சமையற்காரரின் பெயரே காணப்படுகிறது: 'சமையற்காரர் ஷீல்' என்பது போன்ற வடிவங்கள். சமையற்காரரைக் குறித்த 'கேஉ' என்ற சொல் மறைந்ததும் இதயத்தைக் குறிக்கும் சொல் அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. 'மின்சிங்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பொடியாக நறுக்குதல்; ஆனால் லண்டனில் உள்ள மின்சிங் லேன் எனும் சந்தில் எதையும் நறுக்கவில்லை. அங்கே நிலம் வைத்திருந்த கன்னித்துறவியரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே அப்படித் திரிந்திருக்கிறது.

இத்தகைய திரிபுகளுக்குப் பெரும்பாலும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது: பெயர்கள் எழுதி மாட்டப்படவில்லை. பாரிஸில் ஒவ்வொரு தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் பெயர்த்தகடு பொருத்த வேண்டும் என்ற ஆணை 1728-இல்தான் பிறந்தது. அதற்கு முற்பட்ட சில நூற்றாண்டுகளில் தெருப்பெயர் வாய்மொழியாகவே வழங்கி, வரி எழுதவந்த எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட ஒன்றாகவே இருந்தது. எழுதி மாட்டியதும் திரிபு நின்றுவிடுகிறது என்பது ஒரு நன்மை; அந்த நேரத்தில் எந்தத் திரிபு வழக்கில் இருந்ததோ அதுவே நிலைபேறு பெற்றுவிடுகிறது என்பது மறுபக்கம்.

வேண்டுமென்றே செய்த திரிபு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்தமானது. பாரிஸில் 'நரகத்தின்' என்று பொருள்படும் தான்ஃபேர் என்ற பெயரில் ஒரு தெருவும் ஒரு சதுக்கமும் இருந்தன. 1870–71-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் பெல்ஃபோர் என்னும் பிரெஞ்சு நகரைக் காத்துநின்ற படைத்தலைவரின் பெயர் தான்ஃபேர் ரோஷ்ரோ. 1870-களின் இறுதியில் நகர நிர்வாகம் அவ்விடங்களுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. எழுத்து மாறிற்று, ஒலி மாறவில்லை. குடியிருந்தவர்கள் தங்கள் நாவைத் திருத்திக்கொள்ளத் தேவையின்றியே நரகத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் தெருப்பெயருக்கு மூன்று கதைகள் வழங்குகின்றன. ஒவ்வொன்றையும் சொல்பவர் உறுதியாகச் சொல்கிறார். எது உண்மை என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: முதலில் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெயர் முதன்முதலில் எழுத்தில் வந்த இடத்தைத் தேடுங்கள். நிலப் பத்திரங்கள், மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடம், நகராட்சியின் தீர்மானப் பதிவேடு, வரிப் புத்தகம், பழைய நில அளவை வரைபடங்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் வைத்துக்கொண்டு, பெயர் ஒவ்வொன்றிலும் எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், பெரும்பாலான கதைகள் தாமாக உதிர்ந்துவிடும். கதை சொல்லும் நிகழ்ச்சி பெயர் தோன்றிய ஆண்டுக்குப் பிற்பட்டதாக இருந்தால் அந்தக் கதை செல்லாது. கதைக்கு ஆதாரமான சொல் பெயரின் பழைய வடிவத்தில் இல்லையென்றாலும் செல்லாது. இவ்விரண்டு சோதனைகளே முக்கால் பங்கு வேலையை முடித்துவிடும்.

முதற் சோதனைக்கு வாஷிங்டன் நகரம் பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்கே ஒரு திசைத் தெருக்கள் ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி என்று பெயர் பெற்றன. அந்த வரிசையின் நடுவில் 'ஜே' தெரு இல்லை. நகரத்தை வடிவமைத்த பிரெஞ்சுக்காரரான லான்ஃபானுக்கு, பிரிட்டனுடன் உடன்படிக்கை செய்த ஜான் ஜே என்பவர் மீது தீராத வெறுப்பு. அதனால் அவ்வெழுத்தையே ஒதுக்கிவிட்டார் என்பது அங்குள்ளோர் சுவைபடச் சொல்லும் கதை. ஆனால் எழுத்துகளாலும் எண்களாலும் தெருக்களுக்குப் பெயரிடுவது என்று முடிவுசெய்தவர்கள் நகர ஆணையர்கள். அவர்கள் அதை லான்ஃபானுக்கு எழுதித் தெரிவித்தது 1791 செப்டம்பரில். ஜேயின் உடன்படிக்கையோ 1794-ஆம் ஆண்டினது. உண்மைக் காரணத்தில் பகையும் இல்லை, சுவையும் இல்லை. அக்காலத்தில் 'ஐ', 'ஜே' ஆகிய எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதும் வழக்கம் இருந்தது. கையெழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் தெருப்பெயராக வைத்தால் குழப்பம் வரும் என்பதால் ஒன்றை விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் சோதனைக்கு இங்கிலாந்தின் யார்க் நகரில் விப் மா வொப் மா கேட் என்னும் நீளமான பெயர்கொண்ட மிகக் குறுகிய தெருவைச் சொல்லலாம். 'விப்' என்றால் சாட்டை என்பதால், குற்றவாளிகளை அங்கே சாட்டையால் அடித்தார்கள் என்று சொல்வதுண்டு. 1505-ஆம் ஆண்டின் குறிப்பில் அத்தெரு 'விட்னர்வாட்னர்கேட்' என்று எழுதப்பட்டிருக்கிறது; அங்கே சாட்டை இல்லை. 'இதெல்லாம் ஒரு தெருவா' என்ற கேலியே அப்பெயரின் பொருள் என்று அங்குள்ள பெயர்த்தகடு விளக்குகிறது. இன்னொன்று: அந்நகரில் 'கேட்' என்று முடியும் தெருக்களில் வாயிலைத் தேடி ஏமாறுவோர் பலர். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் தெருவைக் குறிக்கும் சொல் அது. கோட்டை வாயில்களுக்கு அங்கே 'பார்' என்று பெயர்.

எல்லா விளக்கமும் இப்படிப் பிற்காலத்தில் முளைத்ததில்லை. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீ தொடங்கிய லண்டன் புட்டிங் லேனைப் பற்றி, தீக்கு முன்னரே, 1598-இல், நகர வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ எழுதிவைத்திருக்கிறார். அத்தெருவில் இறைச்சிக்காரர்கள் பன்றிகளை வெந்நீரில் இட்டு மயிர் களையும் கொட்டகை இருந்தது. குடல் முதலிய கழிவுகள் அவ்வழியாகவே தேம்ஸ் நதியில் நின்ற குப்பைப் படகுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அக்காலத்தில் புட்டிங் என்ற சொல் குடலையும் குறித்தது. இன்று அச்சொல் இனிப்பை நினைவூட்டுவதால் தெருவைப் பற்றி அழகான எண்ணம் எழுகிறது. தெருவின் வழக்கை நேரில் அறிந்த ஒருவர், நாற்றத்தை மறைக்காமல் எழுதிய குறிப்பு கையிலிருப்பதால் இங்கே நமக்கு ஐயமில்லை. பொதுவாகச் சொன்னால், போட்டியிடும் விளக்கங்களுள் அழுக்கானதும் சலிப்பூட்டுவதுமான விளக்கத்தின் பக்கமே நான் சாய்வேன். அப்படி ஒன்றை இட்டுக்கட்ட எவருக்கும் ஆசை வருவதில்லை.

கேள்வி: எங்கள் தெரு ஒரு மனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் தலைவரா, அறிஞரா, தியாகியா என்று எந்த நூலிலும் காணவில்லை. யாராக இருக்கக்கூடும்?

பதில்: புகழ்பெற்றவராக இருப்பார் என்ற எதிர்பார்ப்புடன் தேடுவதால்தான் கிடைக்கவில்லை. குடியிருப்புத் தெருக்களில் உள்ள தனிமனிதப் பெயர்களில் பெரும்பகுதி நிலத்தின் முன்னாள் உரிமையாளர், மனை போட்டு விற்றவர், அவருடைய மனைவி மக்கள் ஆகியோருடையவை. ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்த தெருக்களுக்கு முதற்பெயர்கள் மட்டும், குடும்பப்பெயரோ பட்டமோ இன்றி, வைக்கப்பட்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் பட்டியலாக இருக்க வாய்ப்பு மிகுதி. மூலப் பத்திரத்தில் விற்றவர் பெயரையும் அவருடைய வாரிசுகளின் பெயர்களையும் பார்த்தால் போதும்.

நில உரிமையாளரின் பெயராசைக்கு ஓர் உச்சம் உண்டு. பக்கிங்ஹாம் கோமகன் ஜார்ஜ் வில்லியர்ஸ் 1672-இல் லண்டனில் தம் மாளிகை நிலத்தைக் கட்டுமானக்காரர்களுக்கு விற்றபோது, தம் பெயரும் பட்டமும் முழுமையாக அங்கே நிலைபெற வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அவர்களும் அப்படியே செய்தார்கள்: ஜார்ஜ் தெரு, வில்லியர்ஸ் தெரு, டியூக் தெரு, பக்கிங்ஹாம் தெரு, இவற்றுடன் 'பக்கிங்ஹாமின் கோமகன்' (டியூக் ஆஃப் பக்கிங்ஹாம்) என்பதில் வரும் வேற்றுமை உருபையும் விட்டுவிடாமல் 'ஆஃப்' சந்து. வேற்றுமை உருபுக்கு ஒரு சந்தைக் கொடுத்த ஊர் வேறு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அச்சந்து இப்போது யார்க் பிளேஸ் எனப்படுகிறது. பழைய பெயர் பலகையில் குறிப்பாக இடம்பெற்றிருக்கிறது. வில்லியர்ஸ் தெருவும் பக்கிங்ஹாம் தெருவும் அப்படியே உள்ளன.

கேலியால் நிலைத்த பெயர்களும் உண்டு. ராபர்ட் பேக்கர் என்ற தையற்காரர் 'பிக்கடில்' எனப்பட்ட விறைப்பான கழுத்துப்பட்டிகளைச் செய்து பணம் சேர்த்து, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கு வெளியே பெரிய வீடு கட்டினார். அதை ஊரார் பிக்கடிலி மாளிகை என்று எள்ளினார்கள். வீடு மறைந்தது, எள்ளல் உலகப் புகழ்பெற்ற வீதியின் பெயராக இருக்கிறது.

தற்காலத்தில் பல நகரங்கள் உயிருடன் இருப்பவரின் பெயரைத் தெருவுக்கு வைப்பதில்லை. பெர்லினில் ஒருவர் இறந்து 5 ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும் என்பது விதி. பெயருக்கு உரியவர் யார், எப்போது வாழ்ந்தார் என்று ஒரு வரியில் சொல்லும் சிறு துணைப்பலகையைச் சில நகரங்கள் பொருத்துகின்றன. தங்களுடைய கேள்வியே எழாமல் செய்யக்கூடிய அந்த ஏற்பாட்டை எல்லா ஊர்களும் ஏன் கைக்கொள்ளவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: இத்தனை குழப்பம் எதற்கு? எல்லாத் தெருக்களுக்கும் எண் கொடுத்துவிட்டால் தீராதா?

பதில்: கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மான்ஹாட்டன் தீவுக்கு 1811-இல் வகுக்கப்பட்ட திட்டம் 155 குறுக்குத் தெருக்களையும் 12 நெடுக்குச் சாலைகளையும் எண்களாலேயே பெயரிட்டது. வழி கண்டுபிடிக்க அதைவிட எளிய முறை இல்லை. ஆனால் மேற்குப் பகுதியில் மனை விற்கத் தொடங்கியபோது, வெறும் எண்ணில் கவர்ச்சி இல்லை என்று நில உரிமையாளர்கள் கருதினார்கள். 1880-களிலும் 1890-இலுமாக அங்கே எட்டாம், ஒன்பதாம், பத்தாம், பதினோராம் சாலைகளின் நீட்சிகள் சென்ட்ரல் பார்க் வெஸ்ட், கொலம்பஸ், ஆம்ஸ்டர்டாம், வெஸ்ட் எண்ட் என்று பெயர் மாறின. இதற்கு மறுதலையாக, ஆறாம் சாலைக்கு 1945-இல் அமெரிக்க நாடுகளின் சாலை என்று சூட்டப்பட்ட பெரும் பெயரை மக்கள் பொருட்படுத்தாமல் ஆறாம் சாலை என்றே இன்றும் சொல்கிறார்கள்.

ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. தெருக்களால் சூழப்பட்ட கட்டத்துக்குத்தான் எண். ஜெர்மனியின் மான்ஹைம் நகர மையத்திலும் கட்டங்களே எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கப்படுகின்றன. முகவரிக்குத் தெருப்பெயர் இன்றியமையாதது அன்று என்பதற்கு இவை சான்று. ஆனால் அங்கே பெயர்க்காரணம் கேட்டு எவரும் கடிதம் எழுத முடியாது.

கேள்வி: ஒரே நேர்கோட்டில் போகும் எங்கள் சாலைக்கு நடுவில் திடீரென்று பெயர் மாறிவிடுகிறது. இது பிழையா? குடியிருப்போர் கேட்டுக்கொண்டால் ஒரே பெயராக்க முடியுமா?

பதில்: பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. தனித்தனி உரிமையாளர்கள் வெவ்வேறு காலங்களில் போட்ட மனைப்பிரிவுகளின் தெருக்கள் பின்னாளில் ஒன்றோடொன்று இணைந்தால், ஒவ்வொரு துண்டும் தன் பழைய பெயரை வைத்துக்கொள்கிறது. பெயர் மாறும் இடத்தில் பழைய நில எல்லையோ, ஊரெல்லையோ, முன்பு ஓடிய கால்வாயோ இருந்திருக்கும். ஊரின் பழைய வடிவத்தை அறிய விரும்புவோருக்கு அது நல்ல தடயம். பெர்லினில் உன்டர் டென் லிண்டன் வீதியில் மேற்கு நோக்கி நடப்பவர், கிட்டத்தட்ட நேராகவே சென்று, ஜூன் 17 வீதி, பிஸ்மார்க் வீதி, கைசர்டாம், ஹீர் வீதி என்று பெயர்களைக் கடந்துகொண்டே போவார். அவற்றுள் ஜூன் 17 என்பது 1953-இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த எழுச்சியின் நாள்.

பெயரை ஒன்றாக்குவது பற்றி: தெருப்பெயரை முடிவுசெய்யும் அதிகாரம் பொதுவாக உள்ளாட்சி மன்றத்திடம் இருக்கிறது, குடியிருப்போர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவசர ஊர்திகள் தவறான இடத்துக்குப் போவதைத் தவிர்க்க, ஒரே ஊருக்குள் ஒரே பெயர் இருமுறை வருவதை நிர்வாகங்கள் விரும்புவதில்லை. லண்டனில் 1855-இல் அமைக்கப்பட்ட மாநகரப் பணிகள் வாரியம், அரசன், அரசி, இளவரசர் பெயர்களில் மண்டிக்கிடந்த தெருக்களைப் பெயர் மாற்றுவதையே நெடுங்கால வேலையாகச் செய்ய நேர்ந்தது. தங்கள் சாலையின் ஒரு பாதிப் பெயர் அதே ஊரில் வேறெங்கேனும் இருந்தால், கோரிக்கைக்கு அதுவே வலுவான காரணமாகும். ஆனால் எந்தப் பாதியின் பெயர் போவது என்பதில் இரு பக்கத்தாரும் முன்கூட்டியே உடன்பட்டு, பெயரிழக்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பத்திரம், காப்பீடு ஆகிய அனைத்திலும் முகவரி மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விண்ணப்பத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. கதவிலக்கங்களும் தொடக்கத்திலிருந்து மாற வேண்டியிருக்கும் என்பதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். அதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக் கேளுங்கள்.